கரையும் காவலும்: யாங்கோன் இன்யா ஏரியின் மண்ணணையும் தமிழர் ஏரிப் பராமரிப்பு மரபும்

முன்னுரை

அணை என்ற சொல் இன்று கல்லாலும் கற்காரையாலும் எழுப்பப்பட்ட பெரும் கட்டுமானங்களையே நினைவூட்டுகிறது. ஆயின் உலகில் நீரைத் தேக்கி நிற்கும் அணைகளுள் மிகப் பெரும்பான்மையானவை மண்ணால் ஆனவை. அவற்றுள்ளும் பெரும்பகுதி உயரத்தில் சிறியவை. தமிழ்நாட்டின் ஏரிக்கரைகள், இலங்கையின் குளக்கட்டுகள், பர்மாவின் வறண்ட நடுப்பகுதியில் உள்ள பழைய தேக்கங்கள் யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. பொறியியல் வரலாறு இவற்றை ஓரமாகவே குறிப்பிட்டு வந்துள்ளது. பெரிய அணைகளுக்கான பன்னாட்டு ஆணையம் வகுத்த வரையறைப்படி 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்தவையும், 5 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்து 30 லட்சம் கன மீட்டருக்கு மேல் நீரைக் கொள்பவையுமே பெரிய அணைகள். ஏனையவை பதிவேடுகளிலிருந்து எளிதில் நழுவிவிடுகின்றன.

மியான்மரின் யாங்கோன் நகரில் இன்யா ஏரியைத் தாங்கி நிற்கும் மண்கரை இத்தகைய ஒன்று. ஆங்கிலேயர் காலத்தில் விக்டோரியா ஏரி என்று அழைக்கப்பட்ட இத்தேக்கம் 1882-83ஆம் ஆண்டுகளில் நகரின் குடிநீர்த் தேவைக்காக உருவாக்கப்பட்டது. இன்று அது நடைப்பயிற்சிக்கும் படகோட்டத்துக்கும் மாலைப்பொழுதுக்கும் உரிய இடமாகவே மக்கள் மனத்தில் இருக்கிறது. அதன் கரை ஓர் அணை என்ற உணர்வு பெரிதும் மங்கிவிட்டது.

இக்கட்டுரை இன்யா ஏரியின் கரையை மையமாகக் கொண்டு, சிறு மண்ணணையின் நீர் மேலாண்மைப் பங்கையும் பாதுகாப்பையும் வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. மண்ணணையின் பாதுகாப்பு அது கட்டப்பட்ட விதத்தைக் காட்டிலும், கட்டி முடித்தபின் அதற்கு வாய்க்கும் தொடர்ந்த காவலைச் சார்ந்தது என்பது இதன் கருத்து. தமிழர் ஏரி மரபு இவ்வுண்மையைத் தன் சொற்களிலும் நிறுவனங்களிலும் பதித்து வைத்திருந்தது. குடியேற்ற ஆட்சிக்காலப் பொறியியல் கரையை எடுத்துக்கொண்டது. காவல் அமைப்பைச் சிதையவிட்டது. இதன் விளைவு இன்றளவும் தொடர்கிறது.

1. ஆற்றங்கரையில் நன்னீர் தேடிய நகரம்

1852ஆம் ஆண்டின் இரண்டாம் ஆங்கில-பர்மியப் போருக்குப் பின் இரங்கூன் ஆங்கிலேயர் வசமாயிற்று. மருத்துவர் மாண்ட்கோமரியும் பொறியாளர் பிரேசரும் வகுத்த கட்டத் தெருத் திட்டத்தின்படி ஆற்றோரச் சதுப்பு நிலம் மேடாக்கப்பட்டு நகர் எழுந்தது. அரிசியும் தேக்கும் ஏற்றுமதியாகும் துறைமுகம் விரைந்து வளர்ந்தது. 1872ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 98,745 ஆக இருந்த மக்கள்தொகை 1881இல் 134,176 ஆயிற்று. 1874இல் நகராட்சி அமைந்தது.

நகரைச் சுற்றி நீருக்குக் குறைவில்லை. மேற்கிலும் தெற்கிலும் ஆறு. கிழக்கில் பசுந்தவுங் கழி. ஆனால் கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறி வரும். கோடையில் ஆற்றுநீர் உவர்ப்பேறும். எக்காலமும் வண்டல் கலந்து கலங்கியிருக்கும். ஆண்டுதோறும் சுமார் 2,700 மி.மீ. மழை பெய்தாலும், அதில் ஏறத்தாழ முழுவதும் மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் பொழிந்துவிடும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் வறண்டு கிடக்கும். ஆகவே இரங்கூனின் சிக்கல் மழைப்பற்றாக்குறையால் நேர்ந்ததன்று. அரையாண்டு மழையை அடுத்த அரையாண்டுக்குச் சேமித்து வைப்பதே அதற்கு வேண்டியிருந்தது. தமிழகத்து ஏரிகள் தோன்றியதும் இதே சிக்கலுக்கு விடையாகத்தான். அங்கே மழை குறைவு, பருவம் வேறு, ஆனால் சில மாத மழையைப் பல மாத வாழ்வுக்கு நீட்டிக்கும் கணக்கு ஒன்றே.

பெகு யோமா மலைத்தொடரின் தென்கோடி தாழ்ந்த குன்றுகளாக யாங்கோனுக்குள் இறங்கி, ஷ்வேடகோன் புத்தகோயில் நிற்கும் சிங்குத்தரக் குன்றில் முடிகிறது. இக்குன்றுகளின் செம்புரைமண் மேடுகளும் அவற்றிடையே உள்ள பள்ளங்களும் தேக்கத்துக்கு ஏற்றவை. முதலில் ஷ்வேடகோனுக்குக் கிழக்கே உள்ள அரச ஏரி, அதாவது கண்டோஜி, 1879 முதல் நகருக்கு நீர் வழங்கியது. அது போதாமற்போகவே, நகரின் மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்விடங்களைக் கரைகளால் இணைத்து இன்யா ஏரி உருவாக்கப்பட்டது. 1884 முதல் அதன் நீர் நகருக்குப் பயன்பட்டது. குழாய் வழியே அது கண்டோஜியோடு இணைக்கப்பட்டிருந்தது. மேட்டில் தேக்கித் தாழ்வுக்கு இறக்கும் இவ்வமைப்பு, தமிழ்நாட்டில் மேல் ஏரியும் கீழ் ஏரியும் தொடராக அமையும் சங்கிலி ஏரி முறையை ஒத்தது.

இதே காலத்தில் சென்னையில் நடந்ததையும் இங்கு ஒப்புநோக்க வேண்டும். கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு அமைத்து, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவரும் திட்டம் 1872இல் நிறைவேறியது. சென்னைக்கு முன்னோர் விட்டுச்சென்ற பாசன ஏரிகள் இருந்தன. அவை நகர் நீர்த்தேக்கங்களாக மாற்றப்பட்டன. இரங்கூனில் ஒரு புதிய ஏரியே வெட்டப்பட்டது. வங்கக் கடலின் இரு கரைகளிலும் ஒரே ஆட்சி, ஏறத்தாழ ஒரே காலத்தில், சிறு மண்கரையை நம்பியே பெருநகரின் தாகத்தைத் தணிக்க முற்பட்டது.

2. மண்கரை இயங்கும் முறை

மண்ணணையின் வலிமை அதன் எடையிலும் அகலத்திலும் இருக்கிறது. நீர் அதனூடே கசியும் என்பதை ஏற்றுக்கொண்டே அது வடிவமைக்கப்படுகிறது. அக்கசிவு மெதுவாகவும் தெளிவாகவும் வெளியேற வேண்டும். தெளிந்த நீர் கசிந்தால் கரை மூச்சுவிடுகிறது எனலாம். கலங்கிய நீர் கசிந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து வெளியேறுகிறது என்று பொருள். நண்டு வளை, எலி வளை, கறையான் புற்று, பட்டுப்போன மரத்தின் அழுகிய வேர் ஆகிய எதுவும் இந்த உள்ளரிப்புக்கு வழிகாட்டலாம். மதகின் கட்டுமானமும் மண்ணும் ஒட்டும் இடம் இன்னும் நுண்ணியது. கல்லும் மண்ணும் ஒரே அளவில் அமிழ்வதில்லையாதலால் அங்கே இடைவெளி பிறக்கும்.

இரண்டாவது பெருங்கேடு கரைமேல் நீர் வழிவது. கற்கட்டுமானம் சிறிது நேரம் வழிவதைத் தாங்கும்; மண் தாங்காது. வழியும் நீர் வெளிச்சரிவை அரித்து ஓடையாக்கி, அவ்வோடை முகட்டை நோக்கிப் பின்னேறிச் சில மணி நேரத்தில் கரையைப் பிளந்துவிடும். ஆதலின் ஏரியின் மிக முதன்மையான காப்பு உறுப்பு கலிங்கல். மிகுநீர் கரைமுகட்டை எட்டுமுன் கலிங்கல் வழியே வெளியேற வேண்டும். மூன்றாவதாக, நீர்மட்டத்தை மிக விரைவாக இறக்கினாலும் ஆபத்து உண்டு. உள்சரிவு ஈரம் நிறைந்து கனத்திருக்கும்போது தாங்கி நின்ற நீர் திடீரென விலகினால் அச்சரிவு சரிந்துவிடும். மதகைத் திறப்பதற்கும் ஓர் அளவு உண்டு என்பதை ஏரிக்காரர் அறிந்திருந்தனர்.

தமிழ் ஏரிக் கலைச்சொற்கள் இவ்வறிவின் களஞ்சியம். கரை, மதகு, தூம்பு, குமிழி, கலிங்கல், வரத்துக்கால், போக்குக்கால் என ஒவ்வொன்றும் ஒரு தனிப்பணியைக் குறிக்கிறது. பர்மிய மொழியிலும் இத்தகைய சொல்வளம் உண்டு. கன் என்பது குளம்; கன்பவுங் என்பது அதன் கரை; யேடகா, சொல்லுக்குச் சொல் நீர்க்கதவு, மதகைக் குறிக்கும். கண்டோஜி என்ற பெயரே பெரிய அரச குளம் எனப் பொருள்படும். இன்யாவின் கரையை யாங்கோன் மக்கள் இன்றும் கன்பவுங் என்றே சுட்டுகின்றனர். பூங்காவாகிவிட்ட ஒன்றின் பெயரில் அதன் பழைய பணி எஞ்சியிருக்கிறது.

இவ்வமைப்பில் ஒரு நிலையான முரண் உண்டு. சேமிப்பை நாடுவோர் ஏரி நிறைந்திருப்பதை விரும்புவர். பாதுகாப்பை நாடுவோர் மேலும் சிறிது இடம் காலியாக இருப்பதை விரும்புவர். தமிழகத்துக் கலிங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். பருவ முடிவில் அவற்றிடையே பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் ஓரடி, ஈரடி நீர் கூடுதலாகத் தேங்கும். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதே ஏரியின் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் முடிவு. முன்கூட்டி அடைத்தால் பிந்தி வரும் புயல்மழையில் கரை உடையும். அடைக்காமல் விட்டால் கடைசிப் பயிர் காயும். இரங்கூனிலும் இதே நிலைதான். அக்டோபரில் மழை நின்றுவிடும் என்பதால் அதற்குள் தேக்கம் நிறைந்தாக வேண்டும். ஆனால் வங்கக் கடலின் புயல்கள் பருவத்தின் இறுதியிலும் உருவாகின்றன. ஏரி நிரம்பித் தளும்பும் நாளே அதன் கரை மிகவும் சோதிக்கப்படும் நாள். அந்நாளில் கரைமேல் நின்று முடிவெடுப்பவர் யார் என்ற வினாவை எந்தப் பொறியியல் வரைபடமும் தீர்ப்பதில்லை.

3. அடைக்கலம் என்னும் கோட்பாடு

இவ்வினாவுக்குத் தமிழர் மரபு தந்த விடைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று, யாங்கோன் நோக்கியிருக்கும் அதே அந்தமான் கடலின் கரையில் கிடைத்துள்ளது. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற பெயரில் ஒரு குளம் தோண்டப்பட்டதைக் குறிப்பிடுகிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர். நீலகண்ட சாஸ்திரியார் முதலிய அறிஞர்கள் இக்கல்வெட்டைத் தமிழ் வணிகரின் கடல்கடந்த வாழ்வுக்குச் சான்றாக விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

நம் நோக்கில் கருதத்தக்கது அதன் மற்றொரு கூறு. சிதைந்த நிலையில் கிடைத்துள்ள அச்சிறு கல்வெட்டில், குளத்தைத் தோண்டிய செய்தியோடு அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலமாக ஒப்படைக்கப்பட்ட செய்தியும் இடம்பெறுகிறது. தோண்டியவர் ஒருவர், காக்க வேண்டியவர்கள் ஒரு வணிகக் குழுவினரும் படைசார்ந்த குழுவினரும். ஓர் அயல் நிலத்தில், குடியிருப்பு நிலைக்குமா என்று தெரியாத சூழலில், குளம் வெட்டியதை மட்டும் பொறித்து நிறுத்தியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் அதன் காவலரையும் பெயரிட்டுச் சொல்லியது, குளம் என்பது காவலோடு சேர்ந்தே குளமாகிறது என்ற கருத்தின் வெளிப்பாடு எனலாம். பாகனில் கிடைத்துள்ள 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் கொடையளிக்கப்பட்டதைக் கூறுகிறது. நாள்தோறும் எண்ணெய் வார்ப்பார் இல்லையேல் விளக்குக் கொடை பொருளற்றதாகிவிடும்.

தாயகத்தில் இக்கோட்பாடு நிறுவன வடிவம் பெற்றிருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அம்முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம் என்பதும், அதன் உறுப்பினர் 360 நாட்களே பதவி வகித்தனர் என்பதும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுபெற இயலாது என்பதும் நீர் மேலாண்மை நோக்கில் மிக முதன்மையானவை. ஏரிக்காவல் ஒரு தனியாளின் நற்குணத்தை நம்பியிருக்கவில்லை. அது சுழற்சியையும் கணக்கையும் தகுதிநீக்கத்தையும் கொண்ட பொறுப்பாக இருந்தது. ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் ஒதுக்கி அதன் வருவாயைப் பராமரிப்புக்கு வைத்ததும், ஏரியில் தூர்வார ஓடம் இயக்குவதற்குக் கொடை வழங்கியதும் பல கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. கரையில் ஐயனாரையும் காவல் தெய்வங்களையும் நிறுத்தியதும் இம்மனப்பான்மையின் மற்றொரு முகம்.

இம்மரபை முழுதும் இலட்சியப்படுத்துவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஏரி வாரியத்தில் அமரும் தகுதி நிலவுடைமையோடும் கல்வியோடும் பிணைக்கப்பட்டிருந்தது; இரவு மழையில் மண்கூடை சுமந்து கரை அடைத்தோர் அந்த ஓலைகளில் பெயர் எழுதப்படாதவர்கள். நீர்க்காவலின் அன்றாட உழைப்பு சாதிப் படிநிலையின் அடியில் இருந்தோர்மீது சுமத்தப்பட்டது. காவல் என்ற கோட்பாட்டின் வலிமையையும் அதன் அநீதியையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். இரங்கூனில் அவ்விரண்டும் வேறு வடிவில் தொடர்ந்தன.

4. காவல் குலைந்த நூற்றாண்டு

19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னை மாகாணத்தின் ஏரிகள் பெருமளவில் சீர்கெட்டிருந்தன. வரிவிதிப்பு முறை மாறி, ஏரிப்பட்டி போன்ற பொது நிதி ஆதாரங்கள் அரசின் வருவாயில் கலந்தபின் ஊராரிடம் கடமை எஞ்சியது. அதற்கான பொருள் எஞ்சவில்லை. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், கரை உடையும் நெருக்கடியில் ஊராரை வேலைக்கு அழைக்க அதிகாரம் அளித்தது. வழக்கமாக இருந்த குடிமராமத்தைத் தண்டனையின் துணையோடு சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது என்பதே அவ்வழக்கம் தளர்ந்துவிட்டதற்குச் சான்று. பெரும் பஞ்சத்துக்குப்பின் அமைந்த பஞ்ச ஆணையத்தின் 1880ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1883இல் மாகாணமெங்கும் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

இந்த ஆண்டு கவனத்துக்குரியது. காவல் இழந்த ஆயிரக்கணக்கான பழைய ஏரிகளை அளந்து சீரமைக்கச் சென்னை மாகாணம் முற்பட்ட அதே காலத்தில், இரங்கூனில் ஒரு புதிய ஏரியின் கரை எழுந்துகொண்டிருந்தது. முன்னதன் படிப்பினை பின்னதில் ஏறவில்லை. விக்டோரியா ஏரிக்கு ஊர் இல்லை, ஆயக்கட்டு இல்லை, ஏரியைத் தமதென்று கருதும் உழவர் குழு இல்லை. நகராட்சியின் பொறியியல் துறையும் அதன் கூலியாட்களுமே அதன் காவல்.

அக்கூலியாட்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவர்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூனின் 400,415 மக்களுள் 212,929 பேர் இந்தியர்; அதாவது பாதிக்கும் மேல். துறைமுகம், ஆலைகள், சாலைகள், நகர்த் துப்புரவு ஆகியவற்றின் உடலுழைப்பில் தெலுங்கரும் தமிழரும் பெரும்பங்கு வகித்தனர். மேஸ்திரிகளின் வழியே ஆள்சேர்க்கப்பட்டு, முன்பணக் கடனில் கட்டுண்டு, நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த இவர்களைக் குடியேற்ற அறிக்கைகள் எண்ணிக்கையாகவே அறிந்தன. 1888 முதல் 1890 வரை அமைக்கப்பட்ட, காற்றழுத்தத்தால் இயங்கும் இரங்கூன் கழிவுநீர் அமைப்பு அக்காலத்தில் ஆசியாவிலேயே புதுமையானதாகப் புகழப்பட்டது. அதற்கு வேண்டிய நீரை ஏரிகள் தந்தன. அதனை நாள்தோறும் இயக்கிய கைகள் பெயரற்றவை.

காவல் என்பது ஆட்களே என்ற உண்மையை 1941 டிசம்பர் வெளிப்படுத்தியது. 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூனில் குண்டு வீசியபின், இந்தியத் தொழிலாளர் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர். துறைமுகம் முடங்கியது, துப்புரவு நின்றது. குழாய்களும் கரைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை இயக்கிய சமூகம் இல்லை. 1942 மார்ச் 8ஆம் நாள் ஜப்பானியப் படை நகருக்குள் நுழைந்தபோது பல லட்சம் இந்தியர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர், அஸ்ஸாம் வழியாகவும் நடந்துகொண்டிருந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். போருக்குப்பின் திரும்பியோருள் பலர் 1960களின் தேசியமயமாக்கலின்போது மீண்டும் வெளியேறினர். யாங்கோனின் நீரமைப்பைப் பற்றிய நடைமுறை அறிவும், எந்த இடத்தில் எப்போது கசியும் என்ற கைப்பழக்க அறிவும், எழுதப்படாமலே இடம்பெயர்ந்தன.

5. பணி ஓய்வு பெற்ற அணையும் தாழ்நிலத்தின் நகரமும்

இரங்கூனின் தாகம் இன்யாவோடு அடங்கவில்லை. 1904இல் வடக்கே ஹ்லோகா தேக்கமும் 1940இல் இன்னும் வடக்கே தைக்சி வட்டாரத்தில் ஜோபியூ தேக்கமும் நகரோடு இணைந்தன. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூஜி தேக்கமும் பின்னர் ஙமோயெய் தேக்கமும் சேர்ந்தன. ஒவ்வொரு புதிய தேக்கமும் நகரிலிருந்து இன்னும் தொலைவில் அமைந்தது. ஒவ்வொன்றும் முந்தையதன் முதன்மையைக் குறைத்தது. இன்யா குடிநீர்த் தேக்கம் என்ற நிலையிலிருந்து நகர் அழகு என்ற நிலைக்கு நகர்ந்தது. தென்மேற்குக் கரையில் 1920இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் விரிந்தது. 1960களின் தொடக்கத்தில் சோவியத் உதவியுடன் கட்டப்பட்ட விடுதி கரையோரத்தில் எழுந்தது. சுற்றிலும் செல்வர் இல்லங்கள் பெருகின. மேற்கே பியே சாலையிலிருந்து படியேறிக் கரைமுகட்டை அடைபவருக்கு நீர்ப்பரப்பு விரிந்து தோன்றும். அவர் படியேற வேண்டியிருப்பதன் பொருள், சாலை நீரைவிடத் தாழ்வானது என்பது.

பணி முடிந்த அணைக்கும் நீர் உண்டு. குடிநீருக்குப் பயன்படாததால் நீரின் எடை குறைந்துவிடுவதில்லை. மேலும், கரை மாறாதிருக்கையில் அதன் அபாயம் மட்டும் ஆண்டுதோறும் வளரலாம். 1883இல் கரைக்குக் கீழே காடும் தோட்டமும் இருந்திருப்பின், உடைப்பு என்பது நீர் இழப்பு மட்டுமே. இன்று கீழே சாலையும் குடியிருப்பும் இருக்கின்றன. மக்கள் தாழ்நிலத்தில் குடியேறுவதாலேயே ஒரு சிறிய அணை பேரபாயம் உடையதாக மாறிவிடுகிறது.

சென்னை இதைத் துயரத்தோடு கற்றது. செம்பரம்பாக்கம் ஏரி பாசனத்துக்காக எழுந்த பழைய ஏரி. இன்று அதன் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 நவம்பர் மழையில் அது நிறைந்திருந்தது. டிசம்பர் 1ஆம் நாள் பெருமழை வந்தபோது உபரிநீர் வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடி வரை உயர்த்தப்பட்டது. கரை காக்கப்பட்டது, ஆனால் அடையாற்றின் இருமருங்கிலும் ஆற்றின் இடத்தில் குடியேறியிருந்த நகரம் மூழ்கியது. மேலே குறித்த சேமிப்புக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான முரண் இங்கே ஒரே இரவில் வெளிப்பட்டது.

இலங்கையின் கந்தளாய்க் குளம் இன்னொரு படிப்பினை. கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல் குளக்கோட்டனோடு தொடர்புபடுத்தும் இப்பெருங்குளத்தின் கட்டு, 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அதிகாலையில் உடைந்தது. உறக்கத்தில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல நூற்றாண்டுகள் நின்ற கரை என்பது இனியும் நிற்கும் என்பதற்கு உறுதியாகாது என்பதை அது உணர்த்தியது.

2018ஆம் ஆண்டு இருமுறை எச்சரித்தது. ஜூலை 23ஆம் நாள் லாவோஸில் ஒரு பெரிய நீர்மின் திட்டத்தின் துணை மண்ணணை ஒன்று சரிந்து பல ஊர்களை அழித்தது. குன்றுகளின் இடைத்தாழ்வை அடைப்பதற்காகக் கட்டப்பட்ட சிறிய கரை அது, முதன்மை அணையன்று. பின்னர் ஆராய்ந்த வல்லுநர் குழு, அடித்தளத்துச் செம்புரைமண்ணில் இருந்த நுண்துளை வழிகளூடே நீர் புகுந்து மண்ணை அரித்து இளக்கியதே காரணம் என்று முடிவுசெய்தது. குன்றிடைத் தாழ்வுகளைச் செம்புரைமண் நிலத்தில் இணைத்து உருவாக்கப்பட்ட யாங்கோன் ஏரிகளை நினைப்போர் இம்முடிவைக் கடந்து செல்ல இயலாது. அவ்வாண்டே ஆகஸ்ட் 29ஆம் நாள், மியான்மரின் பகோ பிராந்தியத்தில் ஸ்வா அணையின் மிகுநீர்ப் போக்கி உடைந்தது. 50,000-க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது; யாங்கோன்-மண்டலே நெடுஞ்சாலைப் பாலம் சேதமடைந்தது. அங்கே தோற்றது மிகுநீரை வெளியேற்றும் உறுப்பு; தமிழ் ஏரி மரபில் அதற்கு ஈடானது கலிங்கல்.

அண்மையிலுள்ள சிறு தேக்கத்துக்கு ஒரு நன்மையும் உண்டு என்பதை மறத்தலாகாது. 2008 மே 2, 3 ஆகிய நாட்களில் நர்கிஸ் புயல் தாக்கியபோது யாங்கோனில் மின்சாரம் நின்றது. அதனோடு குழாய்நீரும் நின்றது. தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவரும் அமைப்பு மின்னாற்றலைச் சார்ந்தது. மேட்டில் நிற்கும் நீர் ஈர்ப்பு விசையை மட்டுமே சார்ந்தது. நகருக்குள் உள்ள ஏரி பருவமழையின் வேகத்தைத் தணிக்கிறது, நிலத்தடி நீரை ஊட்டுகிறது, நெருக்கடியில் கைக்கெட்டும் இருப்பாக நிற்கிறது. ஆகவே ஏரியை அகற்றுவது தீர்வாகாது. அதனை மீண்டும் அணையாக அறிந்து காப்பதே வேண்டுவது.

6. சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் சிறுமை

இன்று பல நாடுகளின் அணைப் பாதுகாப்பு முறைகள் உயரத்தை அளவுகோலாகக் கொள்கின்றன. இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட 10 முதல் 15 மீட்டர் வரையிலான அணைகளையும் தன் வரம்புக்குள் கொள்கிறது. தமிழகத்தின் ஏரிக்கரைகளுள் மிகப் பெரும்பாலானவை இதற்குள் அடங்கா. உயரத்தால் சிறியது அபாயத்தாலும் சிறியது என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. மேலே கண்ட நிகழ்வுகள் அவ்வெண்ணத்தை மறுக்கின்றன. கரையின் உயரத்தோடு, கரைக்குக் கீழே உறங்குவோரின் எண்ணிக்கையும் அளவுகோலாக வேண்டும்.

ஏரி மரபின் படிப்பினையை இன்றைய மொழியில் நான்காகக் கூறலாம். ஒவ்வொரு சிறு மண்ணணைக்கும் பெயர் குறித்த காவலர் வேண்டும். பொறுப்பு பல துறைகளுக்கிடையே கரைந்துவிடலாகாது. பருவத்துக்கு முன்னும் பின்னும் கரையை நடந்து பார்த்து, கசிவின் இடத்தையும் அளவையும் தெளிவையும் பதிய வேண்டும். மிகுநீர் செல்லும் வழி கட்டடங்களால் அடைபடாமல் கடைசிவரை திறந்திருக்க வேண்டும். நகர ஏரிகளில் முதலில் மறைவது கரையன்று, போக்குக்காலே. நீர்மட்டக் கணக்கு கீழே வாழ்வோருக்குத் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. இவை யாவும் தொடர்ச்சியை வேண்டுபவை; பொது நிறுவனங்களுக்கு அரிதாகக் கிட்டும் பொருள் தொடர்ச்சியே.

முடிவுரை

இன்யா ஏரியின் கரை 140 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. பேரரசு, போர், விடுதலை, ஆட்சிமாற்றங்கள் யாவும் அதனருகே நிகழ்ந்து சென்றன. அதன் தோற்றத்தை எழுதும் நூல்கள் அது எந்த ஆண்டில், எந்த ஆட்சியில் கட்டப்பட்டது என்பதைக் கூறுகின்றன. அதற்குப்பின் ஒவ்வொரு பருவத்திலும் மண் இட்டோர், புல் செதுக்கியோர், வளை அடைத்தோர், மதகைத் திறந்து மூடியோர் ஆகியோரின் வரலாறு இனித்தான் எழுதப்பட வேண்டும். அவ்வரலாற்றில் இரங்கூனின் தமிழ், தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியத் தொழிலாளருக்கும் உரிய இடம் உண்டு. நகராட்சி ஆவணங்கள், கூலிப் பதிவேடுகள், திரும்பி வந்த குடும்பங்களின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படிக்கும் ஆய்வைப் புலம்பெயர்ந்த தமிழர் ஆய்வுலகம் மேற்கொள்ள வேண்டும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த முதல் தலைமுறையினர் மறைந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அப்பணிக்கு நீண்ட அவகாசம் இல்லை.

தக்குவாபாக் கல்வெட்டைப் பொறித்தவர்கள் தம் குளத்தை எவரிடம் ஒப்படைத்தனர் என்பதைக் கல்லில் எழுதி வைத்தனர். அக்குளம் நெடுநாள் நிலைத்ததோ இல்லையோ, பொறுப்பு யாருடையது என்பதில் ஐயம் இருக்கவில்லை. இன்று நகரங்களின் மேட்டில் அமைதியாக நீரைத் தாங்கி நிற்கும் ஒவ்வொரு சிறு மண்கரையைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியுள்ளது: இது யாருக்கு அடைக்கலம்? அதற்குத் தெளிவான விடை உள்ள இடத்தில்தான் கரைக்குக் கீழே வாழ்வோர் மழையிரவிலும் அச்சமின்றி உறங்க இயலும்.